கூத்து மேடைக்கு இலவச வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிருஷ்ணகிரியில் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட். வீடு, கடை, கல்யாண மண்டபம் என்று கட்டணத்துக்கு வரைவதுதான் பிழைப்பு. அதோடு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ள தெருக்கூத்துக் குழுக்களுக்கு மேடை, ஒப்பனை அறை, சாமான் அறை இவற்றுக்குக் கட்டணம் வாங்காமல் பிளான் போட்டுத் தருகிறேன். குழுவை நடத்தும் வாத்தியார்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் போனில் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இலவசம் என்றால் எதெல்லாம் இலவசம்?

என் உழைப்பு இலவசம். இடத்தை அளப்பது, பிளான் போடுவது, மேஸ்திரி கையில் வைத்துக்கொண்டு கட்டும் அளவுக்கு விவரமான வரைபடம், எஸ்டிமேட், வேலை நடக்கும்போது வந்து பார்ப்பது எல்லாம் இதில் சேரும். பெட்ரோலும் என் கணக்குதான்.

மண் பரிசோதனை, அனுமதிக் கட்டணம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கட்டணம் ஆகியவை குழுவின் செலவு. கடைசியாகச் சொன்னதைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கூரை உள்ள எந்த வேலைக்கும் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் நான் பிளான் கொடுப்பதில்லை. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழை தண்ணீரைவிடக் காற்றைத்தான் அதிகம் கொண்டு வருகிறது. மாந்தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காற்று தகரக் கூரையின் அடியில் புகுந்து மேலே தூக்கும். முன்பக்கம் திறந்திருக்கும் மேடைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதிப்படி காற்றுக்குக் கணக்குப் போட்டு, கூரையைத் தாங்கும் சட்டமான ட்ரஸ்ஸைத் தூணோடும் தூணைக் கடைக்காலோடும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் கண் அளவில் போடும் ட்ரஸ் மாட்டுக் கொட்டகைக்குச் சரி. பாரதக் கூத்து நடப்பதே அந்தக் காற்று அடிக்கும் மாதங்களில்தான், கூரைக்குக் கீழே அப்போது ஊரே உட்கார்ந்திருக்கும்.

சும்மா செய்கிற வேலைக்கு எதற்கு ஒப்பந்தம்?

சும்மா செய்கிற வேலைக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். பணம் கொடுக்கிறவர் முடிவை யோசித்துச் சொல்வார். இலவசம் என்றால் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள், பதினோராவது ஆள் பெங்களூரிலிருந்து போன் செய்து "சார், அந்த வளைவை மட்டும் மாத்திடுங்க" என்பார். அதனால் இரண்டு பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். குழுவின் சார்பில் வாத்தியார், கமிட்டியின் சார்பில் ஒருவர் என இரண்டு பேர் சொல்வதுதான் முடிவு. பிளான் முடிவான பிறகு எவ்வளவு மாற்றலாம், பணத்தை யார் கையாள்வது, வரைபடத்தை வேறு இடத்தில் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். பணத்தை நான் தொடமாட்டேன்.

பணம் வாங்காததால் என் பொறுப்பு குறைந்துவிடாது என்பதையும் அதில் எழுதுகிறேன். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். 1989இல் வந்த நடத்தை விதிகள் கட்டண வேலைக்குப் போலவே இலவச வேலைக்கும் பொருந்தும். கம்பிக் கடையிலோ டைல்ஸ் கடையிலோ கமிஷன் வாங்குவது அந்த விதிகளுக்கு விரோதம். "இலவசமாச் செய்யறாரே, எங்கேயோ அடிக்கிறார்" என்று டீக்கடையில் பேச்சு வரும். அதனால் எந்தக் கடையில் வாங்குங்கள் என்று நான் சொல்வதே இல்லை.

மேடை எத்தனை அடி உயரம் வைக்கலாம்?

ஒன்றரை அடி. மிஞ்சினால் இரண்டு.

இதைச் சொன்னதும் கமிட்டியில் முகம் சுருங்கும். பக்கத்து ஊர் மேடை நாலு அடி, நம் ஊரில் ஒன்றரை அடியா? கௌரவப் பிரச்சினை. காரணத்தைச் சொல்கிறேன். கூத்துப் பார்க்க வருகிறவர் பாயோ சாக்கோ விரித்துத் தரையில் உட்காருகிறார். தரையில் உட்கார்ந்த பெரியவரின் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நாலடி மேடையென்றால் அவருக்கு மேடையின் தரையே தெரியாது. முன்வரிசைக்கு ஆட்டக்காரர் முழங்காலுக்கு மேலேதான் தெரிவார்.

கூத்தில் காலை மறைத்தால் பாதிக் கூத்து போயிற்று. வேஷக்காரர் முதலில் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அவர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் அடவு போடும். வருவது துரியோதனனா பீமனா என்று அந்தக் காலைப் பார்த்தே கிழவிகள் சொல்லிவிடுவார்கள். அப்புறம்தான் திரை விலகும். நாலடி மேடையில் இந்தக் காட்சி பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பிரமுகருக்கு மட்டும்தான்.

பின்வரிசைக்கு எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். மேடையை உயர்த்துவதற்குப் பதில் மைதானத்தைச் சரிக்கலாம். 40 அடிக்கு இரண்டு அடி சரிவு கொடுத்தால் முன்னால் இருப்பவர் தலை அவ்வளவாக மறைக்காது. மழைத் தண்ணீர் மேடைப் பக்கம் ஓடி வரும் என்பதால் மேடைக்கு முன் ஒரு வடிகால் எடுத்து, மேலே கல் பலகை மூட வேண்டும்.

மேடையே தேவையா? அந்தக் காலத்தில் தரையில்தானே ஆடினார்கள்?

தேவையில்லாமலும் இருக்கலாம். வந்து பார்த்துவிட்டு "இங்கே மேடை வேண்டாம், ஒப்பனை அறையும் கழிப்பறையும் கட்டுங்கள்" என்று நான் சொன்ன ஊர்கள் உண்டு. களரி என்கிற ஆடும் இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சனம் உட்காரும். பின்பக்கம் பெஞ்சில் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம். ஆட்டக்காரர் கிறுகிறுவென்று சுற்றி ஆட இருபதுக்கு இருபது அடி இருந்தால் நன்றாகப் போதும். இதற்கு மூன்று பக்கம் சுவர் வைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி மேடை கட்டினால், இரண்டு ஓரத்திலும் உட்காருகிறவர்கள் சுவரைத்தான் பார்க்க வேண்டும். நான் வரைவதில் பின்சுவர் மட்டும் இருக்கும், பக்கத்தில் தூண்கள்தான்.

பாரதம் நடக்கிற திரௌபதி அம்மன் கோயில் என்றால் மேடையைவிட மைதானம் முக்கியம். அர்ச்சுனன் தபசுக்குப் பனைமரம் நடுவார்கள். வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார், பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அந்த மரத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ மின்கம்பி போகக்கூடாது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிலும் கம்பியில்லாத இடமாகப் பார்த்து, பிளானில் முதலிலேயே வட்டம் போட்டுவிடுகிறேன். கம்பி போகிறதென்றால் அதை மாற்ற மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். திருவிழாவுக்கு முந்தின வாரம் போய் நின்றால் நடக்காது.

கடைசி நாள் படுகளம், துரியோதனன் விழும் காட்சி. துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுத்த நிலையில் செய்ய, தோண்டி எடுக்க மண் வேண்டும், கிடத்த இடம் வேண்டும். மைதானம் முழுக்கப் பேவர் பிளாக் போட்டுத் தருகிறேன் என்று யாராவது நல்ல மனதோடு வந்தால், கும்பிட்டு அவரைக் கோயில் நடைபாதைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மேடை எந்தத் திசை பார்க்க வேண்டும்?

அம்மன் பார்க்க வேண்டும் என்பது ஊர் முறை, அதை நான் மாற்றுவதில்லை. அம்மன் சன்னதியிலிருந்து களரி தெரியும்படி வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சுதந்திரத்தில் ஆட்டக்காரர் முகம் கிழக்குப் பார்க்குமாறு திருப்புவேன். கூத்து விடிந்துதான் முடிகிறது. உச்சக்கட்டம் அப்போதுதான், அந்த நேரத்தில் வெயில் பார்க்கிறவர் கண்ணில் அடிக்கக்கூடாது. வாஸ்துக்காரரும் கிழக்கு என்றுதான் சொல்வார், ஆக அங்கே சண்டை கிடையாது.

தரைக்கு டைல்ஸ் போடலாமா? கிரானைட் உபயமாகக் கிடைக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் உபயம் கிடைக்காவிட்டால்தான் ஆச்சரியம். படிக்கட்டுக்கும் மேடையின் ஓரச் சுவருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், சொரசொரப்பான கல்லாக. ஆடும் இடத்தில் வேண்டாம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை வெறுங்காலில் குதிக்கிறார்கள். பாலிஷ் கல்லில் வியர்வை சொட்டினால் வழுக்கும். வழுக்காத கான்கிரீட்டும் முழங்காலுக்கு எதிரிதான். ஐம்பது வயது தாண்டிய ஆட்டக்காரர்களைக் கேளுங்கள், மேடை ஆட்டத்துக்கும் மண் தரை ஆட்டத்துக்கும் மறுநாள் காலையில் என்ன வித்தியாசம் என்று சொல்வார்கள்.

நான் சொல்வது: சுற்றிலும் கருங்கல் கட்டி, உள்ளே மண் நிரப்பி, மேலே செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டு இடித்து, சாணி மெழுகுவது. கூரை இருப்பதால் மழையில் கரையாது. வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு முன்னால் மெழுக வேண்டும். இந்தப் பராமரிப்புக்கு ஆள் இல்லை என்று ஊரில் நேராகச் சொன்னால் மரப்பலகைத் தரை வரைந்து தருவேன், செலவு கூடும்.

ஒப்பனை அறை எவ்வளவு பெரியது?

எவ்வளவு கேட்டாலும் கமிட்டி பாதியாக்கும், அதனால் நான் கொஞ்சம் கூட்டியே கேட்பேன். முகத்துக்கு அரிதாரம் பூசவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவரவர் தரையில் உட்கார்ந்து கைக்கண்ணாடியைப் பார்த்துப் பூசிக்கொள்கிறார்கள். அதற்குத் தோதாகச் சுவரில் இரண்டு அடி உயரத்திலேயே கண்ணாடி தொடங்க வேண்டும். நிற்கிறவர் முகத்துக்கு நேராக மாட்டிய கண்ணாடி அங்கே எதற்கும் உதவாது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் வெளிச்ச விளக்கு.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கட்டி, விரிந்த பாவாடையோடு எழுந்து நிற்கிற ராஜ வேஷம் சாதாரண இரண்டரை அடி கதவில் நுழையாது. பக்கவாட்டில் திரும்பி, குனிந்து, கண்ணாடிச் சில்லு உதிர உதிர வெளியே வரும். நாலு அடி அகலம், எட்டு அடி உயரம், வாசற்படித் தடுப்பு இல்லாமல். மேடைக்குப் போகும் வழி முழுக்க இதே அளவு.

கட்டைச் சாமான்கள் மரம். கரையானும் எலியும்தான் எதிரி. தரையிலிருந்து ஒரு அடி விட்டு, சுவரில் கல் பலகை பதித்த அலமாரி, காற்றோட்டத்துக்கு மேலேயும் கீழேயும் வலை போட்ட துவாரம். ஆர்மோனியத்துக்கு ஈரம் ஆகாது, அதை வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். இப்போது பெண்களும் ஆடுகிறார்கள், அவர்களுக்கு உள்தாழ்ப்பாளோடு தனி அறையும் தனிக் கழிப்பறையும் இல்லாத பிளானை நான் வரைவதில்லை.

ஓலைக் கூரை குளிர்ச்சிதானே?

குளிர்ச்சிதான், அழகும்கூட. ஆனால் அசுர வேஷம் வரும்போது தீவட்டியில் குங்கிலியத் தூளை வீசுவார்கள், நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பும். அதற்கு மேலே காய்ந்த கீற்று இருக்கலாமா? 2004இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனது கீற்றுக் கொட்டகைத் தீயில். தகரம் போட்டு, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்து, முன்பக்கம் 14 அடி உயரம் விட்டால் சூடு தாங்கும். தகரத்தில் மழை பெய்தால் வாத்தியார் குரல் கேட்காது என்பது உண்மைதான். அந்த மழைக்கு எப்படியும் சனம் எழுந்து ஓடிவிடும்.

எதிரொலி வருகிறது, என்ன செய்வது?

மேடையில் நின்று ஒரு முறை கையைத் தட்டுங்கள். 'டப்' என்று இன்னொன்று திரும்பி வந்தால் மைதானத்தின் எதிர்க்கோடியில் நேரான சுவர் இருக்கிறது என்று அர்த்தம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 55 அடிக்கு அப்பால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பினால் காதுக்குத் தனிச் சத்தமாகவே கேட்கும். சுவரை இடிக்க வேண்டாம், முன்னால் வரிசையாகப் புங்கன் வையுங்கள். மைக் செட்காரரிடம் நாலு பெரிய ஸ்பீக்கரை மேடையிலேயே அடுக்குவதற்குப் பதில், சின்னதாகப் பரவலாக வைத்து வால்யூமைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

கரண்ட் வேலையில் கவனிக்க வேண்டியது?

ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி லைன், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை மூன்றும் கட்டாயம். ஈர உடம்போடு மைக்கைப் பிடிக்கிறார்கள். விளக்கில் வெள்ளை ஃபோகஸ் போட்டால் சிவப்பு முகமும் பச்சை முகமும் வெளிறிவிடும். மஞ்சள் கலந்த வெளிச்சமாக முன்பக்கம் மேலேயிருந்து கொஞ்சமும், பக்கவாட்டில் தாழ்வாகக் கொஞ்சமும் கொடுத்தால் கட்டையில் உள்ள கண்ணாடி மின்னும். உபயதாரர் பெயரை டியூப் லைட்டில் எழுத வேண்டாம், பின்சுவரில் ஒரே கல்லில் எல்லார் பெயரையும் வெட்டிவிடலாம்.

இடம் புறம்போக்கு. கட்டலாமா?

நான் வரைவதற்கு முன்னால் இது தெளிவாக வேண்டும். பட்டா இடம் என்றால் குழுவின் பெயருக்கோ கோயில் பெயருக்கோ பத்திரம் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் "கட்டிக்கோங்க" என்று வாயால் சொன்ன இடத்தில் அவர் பிள்ளைகள் காலத்தில் வழக்கு வரும். அறநிலையத் துறைக் கோயில் இடம் என்றால் துறையின் அனுமதி. புறம்போக்கு என்றால் ஊராட்சித் தீர்மானத்தோடு வருவாய்த் துறையிடம் போக வேண்டும். கட்டிட அனுமதிக்கு 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி வரைந்து தருவேன், ஆனால் ஆபீஸ் ஆபீஸாக அலைவது உங்கள் வேலை.

பணத்துக்கு எங்கே போவது?

ஊர் வரியும் உபயமும் போக மூன்று வழிகள் தெரியும். முதலாவது சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. கலையரங்கம், நாடக மேடை என்று ஊர் ஊராக நிற்பவற்றில் பல அதில் வந்தவைதான். அவற்றுக்குப் பெரும்பாலும் கைவசம் ஒரு டைப் டிசைன் இருக்கும், நாலடி உயரப் பெட்டி. வேலைக்கு நிர்வாக அனுமதி வருவதற்கு முன்பே நம் வரைபடத்தை ஒன்றியப் பொறியாளரிடம் கொடுத்துப் பேசிவிட வேண்டும். பொறுமையாகக் காரணம் சொன்னால் உயரத்தைக் குறைக்கச் சம்மதிக்கிறார்கள், செலவும் குறைகிறது அல்லவா. இரண்டாவது நமக்கு நாமே திட்டம். ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைப் போடும்.

மூன்றாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்கச் சட்டம் சொல்கிறது. பாரம்பரியக் கலை வளர்ச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு, உள்ளூருக்கு முன்னுரிமை என்றும் இருக்கிறது. ஓசூரில் தொழிற்சாலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெறும் குழுவாகப் போனால் வாசலில் செக்யூரிட்டியோடு திரும்ப வேண்டியதுதான். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்து, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவு, இந்த நிதி வாங்கப் பதிந்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 படிவம் எல்லாம் முடித்துவிட்டுப் போக வேண்டும். இதற்கு ஒரு நல்ல ஆடிட்டர் தேவை. ஆர்க்கிடெக்டைவிட ஓர் ஆடிட்டர் இலவசமாகக் கிடைப்பதுதான் குழுவுக்குப் பெரிய லாபம் என்று நான் நினைக்கிறேன்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் கேட்கலாமா என்பார்கள். அங்கே கிடைப்பது கலைஞருக்கு, கட்டிடத்துக்கு இல்லை. ஆனால் குழுவில் எல்லோரும் அதில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நீங்கள் செய்வதற்கு வரிச் சலுகை கிடைக்குமா?

கிடையாது. பணமாகக் கொடுத்தால்தான் வரிக் கழிவு, உழைப்புக்கு இல்லை. பணம் கொடுப்பவர்களுக்கும் ஒரு தகவல்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கேட்க முடியாது.

இலவசமாகச் செய்தால் ஊரில் பிளான் போட்டுப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் அடிப்பதாகாதா?

ஆகும், யாருக்கு வேண்டுமானாலும் செய்தால். கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் வசூலித்த கமிட்டி மேடைக்கு மட்டும் இலவச பிளான் கேட்டு வந்தால், உள்ளூர் இன்ஜினியரிடம் பணம் கொடுத்துப் போடுங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். ஏற்கெனவே ஒருவர் பிளான் போட்டுக்கொண்டிருந்தால் அவருக்குக் கணக்கு முடித்துவிட்டு வரச் சொல்வேன். கூத்தே தொழிலாக உள்ள குழு, அல்லது கூத்துக்காரர்களே சேர்ந்து கட்டுகிற இடம், அதற்குத்தான் இது.

கட்டிடக்கலை மாணவர்கள் சேரலாமா?

தாராளமாக. அளவெடுக்க, வரைய ஆள் வேண்டும். கையெழுத்துப் போடுவது மட்டும் நான். ஒரே நிபந்தனை, கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முழு இரவுக் கூத்தை விடியும்வரை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய் வரைந்த பிளான் எப்படி இருக்கும் என்று பார்த்தாலே தெரிகிறது.

எப்போது வேலை தொடங்குவது நல்லது?

பங்குனியிலிருந்து ஆடிவரை குழுவுக்கு ஊர் ஊராக ஆட்டம், வாத்தியார் பகலில் தூங்குவார். அந்த மாதங்களில் நான் வந்து கூத்தைப் பார்ப்பேன், அளப்பேன். ஆவணி, புரட்டாசியில் உட்கார்ந்து பேசி பிளானை முடிப்போம். மார்கழியில் யாரும் கடைக்கால் எடுக்கமாட்டார்கள், ஆகையால் தையில் தொடங்கினால் கூரைவரை வந்துவிடும். மெழுகி முடிக்க அடுத்த சீசன் ஆகலாம்.

உங்களைக் கூப்பிடுவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

பட்டா நகல், புல வரைபடம் இரண்டையும் வருவாய்த் துறை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். இடத்தின் நாலு மூலையிலிருந்தும் போட்டோ, மேலே போகும் மின்கம்பிகள் தெரிகிற மாதிரி. குழுவில் எத்தனை பேர், என்னென்ன சாமான் என்று ஒரு பட்டியல். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற உண்மையான கணக்கு, வரப்போகும் பணம் வேண்டாம். இவற்றோடு வாத்தியாரே பேச வேண்டும், தலைவரின் மருமகன் பேசினால் நான் வாத்தியாரிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன். அடுத்த ஆட்டம் எந்த ஊரில், என்றைக்கு என்று சொல்லிவிட்டால் நேராக அங்கேயே வந்துவிடுகிறேன்.